சாண்டோ சின்னப்பா தேவரின் வாழ்வும் உடற்தகுதியின் கூறுகளும்

உடற்தகுதி என்றவுடன் திரண்ட தோள்களும் அகன்ற மார்புமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. எனினும் உடல்நலம் சார்ந்த உடற்தகுதிக்கு ஐந்து கூறுகள் உண்டு: இதய நுரையீரல் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வுத்தன்மை, உடலில் கொழுப்பும் தசையும் அமைந்துள்ள அளவு. கோயம்புத்தூரில் உடற்பயிற்சியால் பெயர்பெற்ற ஒருவரின் வாழ்க்கை வழியாக இவற்றை நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

எம். எம். ஏ. சின்னப்பா தேவர் 1915ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் பிறந்தார். இளமையில் பங்கஜா மில்லில் பணியாற்றினார். நூற்பாலைப் பணி நெடுநேரம் நின்று, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பணி. அதற்கு வேண்டியது தசைத் தாங்குதிறன். நாள் முழுவதும் நோயாளியைப் பராமரிக்கும் உங்களுக்கும் இதுவே தேவைப்படுகிறது.

நண்பர்களுடன் சேர்ந்து அவர் வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நடத்தினார். உலகப் புகழ்பெற்ற உடற்பயிற்சி வீரர் யூஜின் சாண்டோவின் பெயரே அவருக்குப் பட்டமாயிற்று. அப்பட்டம் குறிப்பது தசை வலிமையை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் இவ்வலிமை வேண்டும். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு இது சில நாட்களிலேயே குறையத் தொடங்கும்.

பின்னர் அவர் திரைப்படங்களில் நடித்தார். 1947இல் வெளிவந்த ராஜகுமாரியில் எம். ஜி. ஆருடன் சண்டைக் காட்சியில் தோன்றினார். இத்தகைய காட்சிகளுக்குச் சமநிலை, விரைவு, உறுப்புகளின் ஒத்திசைவு ஆகிய செயல்திறன் கூறுகள் வேண்டும். இவற்றுள் சமநிலை, முதியோர் கீழே விழாமல் காக்கிறது. மூட்டுகள் தடையின்றி அசைவதே நெகிழ்வுத்தன்மை. தலை வாருவதற்கும் சட்டை அணிவதற்கும் அது இன்றியமையாதது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகும் வாய்ப்பு அதிகம்.

1956இல் தாய்க்குப்பின் தாரம் படத்தின் வழியாகத் தேவர் தயாரிப்பாளராகப் புகழ்பெற்றார். 1971இல் ஹாத்தி மேரே சாத்தி என்னும் இந்திப் படத்தைத் தயாரித்தார். 1978ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், தம் 63ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் பட்டம் தந்த வலிமை, ஐந்து கூறுகளுள் ஒன்றே என்பதை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

தோற்றத்தை மட்டும் கொண்டு இதயத்தின் நிலையை அறிய இயலாது. கட்டான உடல் உள்ளவருக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கலாம். மெலிந்தவருக்கும் நீரிழிவு இருக்கலாம். ஆகவே இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் உரிய காலத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச முடிந்து, பாட முடியாத வேகத்தில் நடப்பது மிதமான இயக்கம். தசைப் பயிற்சி வாரத்தில் 2 நாட்களாவது தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி 3 நாட்கள் தேவை. எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்; அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

இதய நோய், நீரிழிவு, மூட்டு நோய் உள்ளவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஆலோசனை பெற்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் உடனே நிறுத்தி, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.