ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு?

நான் ஆட்டோமொபைல் பிரிவு, இரண்டாம் ஆண்டு. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா லாரி டிரைவர். இருந்த கொஞ்ச நிலமும் கைவிட்டுப் போன பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். நடைக்கு இவ்வளவு என்று படி வாங்குவார். வண்டி நின்றால் வருமானமும் நின்றது. ஒரு நாள் அவரிடம் கார் ரேஸ் படம் ஒன்றைக் காட்டினேன். இதை ஓட்டுறவனுக்கு என்னடா கெடைக்கும்னு கேட்டார். பதில் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. அதைத் தேடிப் போனபோது கிடைத்த மனிதர்தான் ஜிம் கிளார்க்.

கிளார்க் 1936 மார்ச் 4 அன்று ஸ்காட்லாந்தில் பிறந்தார். நான்கு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன். ஏழை வீடு என்று நினைத்துவிடாதீர்கள், வசதியான பண்ணைக்காரர்கள். ஆனாலும் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு, சர்ன்சைடு என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த பண்ணைக்கே ஆடும் நிலமும் பார்க்க வந்துவிட்டார். 1956இல் நண்பர் ஒருவரின் காரை வாங்கி முதல் ரேஸ் ஓட்டினார். வீட்டில் பிடிக்கவில்லை. ஒரே பையன், யாருக்குத்தான் பிடிக்கும்?

1960இல் காலின் சாப்மனின் லோட்டஸ் அணிக்காக ஃபார்முலா 1 பந்தயங்களில் இறங்கினார். அந்த வருஷம் பெல்ஜியம் பந்தயத்தில் இரண்டு டிரைவர்கள் இறந்தார்கள். ஒருவர் அவருடைய சொந்த அணிக்காரர். அடுத்த வருஷம் இத்தாலியில் மோன்சாவில் வான் டிரிப்ஸ் என்பவருடைய காரும் இவர் காரும் உரசி, அந்தக் கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. வான் டிரிப்ஸோடு பார்வையாளர்கள் பலரும் இறந்தார்கள். கிளார்க் மனம் உடைந்து போனாலும் ஓட்டுவதை விடவில்லை. 1963இல் 10 பந்தயங்களில் 7ஐ வென்று உலக சாம்பியன் ஆனார்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இன்று இருப்பதைப் போன்ற பெரிய சம்பளம் கிடையாது. பந்தயத்துக்கு வந்து நின்றாலே அமைப்பாளர்கள் அணிக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். பேர் பெற்ற ஆள் வந்தால் கூட்டம் சேரும், தொகையும் கூடும். அதற்கு மேல்தான் பரிசுப் பணம். டயர் கம்பெனி, எண்ணெய் கம்பெனி ஒப்பந்தங்கள் தனி. உலக சாம்பியன் என்ற பட்டம் பெரிது, பை சிறிது.

பணம் இருந்த இடம் அமெரிக்கா. இண்டியனாபொலிஸ் 500 என்பது 500 மைல், அதாவது 804 கிலோமீட்டர் ஓட வேண்டிய பந்தயம். 1965 மே மாதம் அந்தப் போட்டிக்காக கிளார்க், அதே சமயத்தில் நடந்த மொனாக்கோ ஃபார்முலா 1 பந்தயத்தையே விட்டுவிட்டுப் போனார். 200 சுற்றுகளில் 190 சுற்று அவர்தான் முன்னால். சராசரி வேகம் மணிக்கு 242 கிலோமீட்டர். எஞ்சின் பின்பக்கம் இருந்த கார் அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் இதை மனதில் வையுங்கள், அதன் பிறகு முன்பக்க எஞ்சின் கார் எதுவும் அங்கே ஜெயிக்கவே இல்லை. வெற்றிக்குக் கிடைத்த பரிசு 1,66,621 டாலர். டாலர் 4 ரூபாய் 76 பைசா இருந்த நேரம், கணக்குப் போட்டால் சுமார் 7 லட்சத்து 93 ஆயிரம் ரூபாய்! மொனாக்கோவை விட்டும் அந்த வருஷம் 6 ஃபார்முலா 1 பந்தயம் ஜெயித்து மறுபடி உலக சாம்பியன்.

ஆனால் அங்கே பரிசு முதலில் வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் போகும். ஒப்பந்தப்படி டிரைவருக்குப் பங்கு. இதைச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். அங்கேயும் ஓனருக்குத்தானா!

கிளார்க் ஒரே வகைக் காரை ஓட்டிப் பிழைத்தவர் இல்லை. சாதாரண சலூன் கார் பந்தயத்தில் 1964இல் பிரிட்டன் சாம்பியன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த டாஸ்மன் தொடரை 1965, 1967, 1968 என மூன்று தடவை வென்றார். 1967இல் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம்கூட ஒன்று ஓட்டிப் பார்த்தார், எஞ்சின் போய்விட்டது. இதில் எனக்கு வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டனில் அப்போது பெரிய வருமானத்துக்கு வரி மிகக் கடுமை. அதற்காக 1967இல் பாரிசில் போய்த் தங்கினார். நினைத்த நேரம் சொந்தப் பண்ணைக்குப் போக முடியாத நிலை. சம்பாதித்தும் ஊருக்கு அன்னியர்.

1968 ஜனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவில் தன் 25ஆவது ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்று, ஃபாஞ்சியோவின் 24 என்ற சாதனையைத் தாண்டினார். அதே மாதம் லோட்டஸ் காரின் பச்சை நிறம் போய், கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பும் பொன்னிறமும் வந்தன. விளம்பரப் பணம் நுழைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனது அந்த வழியில்தான்.

ஏப்ரல் 7, ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம். அது சின்ன ஃபார்முலா 2 பந்தயம். சாம்பியன் பட்டத்துக்கு ஒரு புள்ளிகூட அதில் கிடையாது. இன்று ஃபார்முலா 2 ஓட்டும் பையன்கள் பலர் ஸ்பான்சர் பணம் கொண்டுவந்துதான் சீட் வாங்குகிறார்கள். அன்று உலக சாம்பியன்களும் கையொப்பம் போட்ட வேலை என்று போய் ஓட்டினார்கள். மழை ஈரம். ஐந்தாவது சுற்றில் கார் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓரத்தில் தடுப்புக் கம்பி கிடையாது. பின் டயரில் காற்று மெல்ல இறங்கியதே காரணம் என்று கருதப்படுகிறது. வயது 32தான். 72 ஃபார்முலா 1 பந்தயம், 25 வெற்றி.

2024இல் இண்டியனாபொலிஸ் ஜெயித்த ஜோசப் நியூகார்டனுக்கு அறிவித்த பரிசு 42 லட்சத்து 88 ஆயிரம் டாலர். இந்தக் கணக்கெல்லாம் அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். எந்தப் பக்க டயர் என்று முதலில் கேட்டார். அப்புறம், சர்ன்சைடு கல்லறைக் கல்லில் கார் சாம்பியன் என்பதற்கு மேலே விவசாயி என்று பொறித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், முதல்ல விவசாயின்னா போட்டிருக்கு என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம்பா என்றேன். அன்று ராத்திரி அவருக்கு நாக்பூர் லோடு.