ரூமா கிணற்றில் உஸ்மான் (ரலி) அவர்களின் வாளி





உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) அவர்களைப் பற்றி நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். மூன்றாவது கலீஃபா, குர்ஆன் பிரதிகளை ஒழுங்குபடுத்தி ஊர் ஊராக அனுப்பியவர்கள், நபி (ஸல்) அவர்களின் இரண்டு மகள்களை ஒருவர் பின் ஒருவராக மணந்து துன்னூரைன் என்று பெயர் பெற்றவர்கள். இன்று அவர்களின் வாழ்க்கையைக் கிணற்றடியிலிருந்து பார்க்கப் போகிறோம். அந்த வாழ்க்கையின் முக்கியமான கட்டங்களில் எல்லாம் எங்கோ ஒரு கிணறு இருக்கிறது.

மக்காவில் உமையா குடும்பத்தின் செல்வந்த வியாபாரி அவர்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் மூலம் இஸ்லாத்தை ஏற்றார்கள். சிற்றப்பா கட்டிப்போட்டு வதைத்தார், அசையவில்லை. மனைவி ருகையா (ரலி) அவர்களோடு அபிசீனியாவுக்கும் பிறகு மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தார்கள்.

மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களுக்கு முதலில் கஷ்டம் கொடுத்தது அங்குள்ள தண்ணீர். ஸம்ஸம் குடித்து வளர்ந்தவர்களுக்கு உவர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீருக்கு ரூமா என்ற கிணறுதான். அது தனி ஒருவருக்குச் சொந்தம். தோல்பை நிறைய வேண்டுமானால் விலை கொடுக்க வேண்டும். உரிமையாளர் யூதர் என்று ஒரு அறிவிப்பு, பனூ கிஃபார் குலத்தவர் என்று இன்னொரு அறிவிப்பு. அந்தக் கிணற்றை வாங்கி முஸ்லிம்களுக்குக் கொடுப்பவருக்குச் சுவனத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் வாக்களித்தார்கள்.

உஸ்மான் (ரலி) அவர்கள் போய்ப் பேசினார்கள். முழுக் கிணற்றையும் தர உரிமையாளர் ஒப்பவில்லை. பாதியை 12,000 திர்ஹத்துக்கு வாங்கினார்கள். வரலாற்று நூல்களில் இந்தப் பேரம் வரும் இடத்தை நின்று வாசியுங்கள். கிணற்றில் பாதி என்றால் என்ன? நிலத்தைப் போல நடுவில் வேலி போட முடியாதே! உஸ்மான் (ரலி) அவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, தம் பங்குக்குத் தனியாக இறைப்பு மரம் நட்டுக்கொள்வது. அல்லது ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் உனக்கு என்று முறை வைப்பது. உரிமையாளர் முறையைத் தேர்ந்தெடுத்தார். உஸ்மான் (ரலி) அவர்களின் நாளில் தண்ணீர் இலவசம். மக்கள் இரண்டு நாளுக்கும் சேர்த்து இறைத்துக்கொண்டார்கள். மறுநாள் காசு வாங்கிக் கொடுக்க ஆளில்லை. கடைசியில் மீதிப் பாதியையும் அவரே வந்து 8,000 திர்ஹத்துக்குக் கொடுத்துவிட்டார். மொத்தம் 35,000 என்றும் ஓர் அறிவிப்பு உண்டு.

வாங்கிய கிணற்றை வக்ஃப் ஆக்கினார்கள். தமக்கு என்ன வைத்துக்கொண்டார்கள்? மற்ற முஸ்லிம்களின் வாளியோடு தம் வாளியும் ஒன்று. அதற்கு முன்னுரிமை கிடையாது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் வஸிய்யத் பற்றிய பகுதியில் கிணற்றை வக்ஃப் செய்பவர் தம் வாளிக்கும் பங்கு வைத்துக்கொள்ளலாமா என்பதற்கென்றே தனித் தலைப்பு போட்டிருக்கிறார்கள்.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். உங்களில் பலர் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போயிருப்பீர்கள். ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டு, இந்த மலைக்குத் தண்ணீர்ப் பஞ்சமே வராது என்று சொல்லிக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். அந்த அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்கித்தானே போனீர்கள்? தண்ணீர் பள்ளத்தில், வீடுகள் மேட்டில். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள். அடியில் கடும்பாறை. மேலே உள்ள மண்ணும் சிதைந்த பாறையும் எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான் நீர் தங்கும். ஐப்பசி கார்த்திகையில் ததும்புகிற கிணறு பங்குனி சித்திரையில் தரை தட்டும். அப்போது குடம் சுமந்து நடப்பது பெண்கள்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஊர்க் கிணறு ஒன்று மண்மூடிப் போவது சின்ன விஷயமல்ல.

நம்மவர்கள் தாராளமானவர்கள், அதில் சந்தேகமில்லை. வாப்பா பெயரில், உம்மா பெயரில் கிணறு வெட்டிக் கொடுக்கிறோம், கல்வெட்டு வைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். சதகா ஜாரியா என்கிறோம். ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருப்பது. மூன்றாவது வருடம் கைப்பிடிச்சுவர் இடிந்து, கயிறு அறுந்து, உள்ளே பிளாஸ்டிக் பை மிதந்தால் என்ன ஓடுகிறது? கிணறு கொடுக்கிறவர் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் அதற்கு ஒரு வருமானத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு தென்னை, ஒரு கடை வாடகை, எதுவானாலும் சரி. வக்ஃபுக்கு முத்தவல்லி என்று ஒருவரை நம் முன்னோர்கள் வைத்தது அதற்குத்தான்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. நீர் குறைந்திருக்கும் கோடையில் தூர்வார வேண்டும். ஆனால் மூடிக் கிடந்த கிணற்றில் தனி ஆளை இறக்காதீர்கள். விஷவாயுவில் ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் சாகிற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டுச் சிந்திய நீர் திரும்ப உள்ளே போகாமல் வெளியே வடிய விடுங்கள். கழிப்பறைக் குழி குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 3 மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் 3 மீட்டர் நீர் நின்றால் ஏறக்குறைய 21,000 லிட்டர். 53 கிராம் போதும். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும், தெளிந்த நீரை மட்டும் இரவில் கிணற்றில் கலந்துவிடுங்கள். ஒரு மணி நேரமாவது யாரும் இறைக்க வேண்டாம். தேங்கிய நீரை அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த மார்க்கம் நம்முடையது. ஒளூச் சட்டம் பேசும்போது மட்டும் அதை நினைத்தால் போதாது.

இன்னொன்று. நம் நாட்டில் இன்ன சாதிக்கு இந்தக் கிணறு, இன்னாருக்கு அது என்று பிரித்த காலம் முழுதாகப் போய்விடவில்லை. உங்கள் கிணற்றில் யார் வாளி இறங்கலாம் என்பதை உஸ்மான் (ரலி) அவர்களின் வாளியை வைத்து முடிவு செய்யுங்கள்.

ரூமா கிணறும் தானாக நிலைக்கவில்லை. பின்னாளில் அதுவும் இடிந்து, அதன் கற்களைக் கூட எடுத்துப் போனார்கள். ஹிஜ்ரி 750 வாக்கில் மக்காவின் காழி ஒருவர் தூர்வாரி மீண்டும் கட்டினார். இன்றும் அது மதீனாவின் வடமேற்கில் இருக்கிறது. உஸ்மான் (ரலி) அவர்கள் பெயரில் பேங்க் அக்கவுண்ட், ஓட்டல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை விட்டுவிடுங்கள். கிணற்றின் சிறப்புக்கு அது தேவையில்லை.

அடுத்த கிணறு குபாவில் உள்ள அரீஸ். நபி (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரம் இரண்டு கலீஃபாக்களுக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்தது. அரீஸ் கிணற்றடியில் அமர்ந்து, கழற்றிக் கையில் வைத்திருந்தபோது உள்ளே விழுந்துவிட்டது. மூன்று நாள் தேடினார்கள், கிணற்றையே இறைத்தார்கள். கிடைக்கவில்லை. அதன் பிறகே குழப்பங்கள் தலைதூக்கின என்பார்கள் அறிஞர்கள்.

ஹிஜ்ரி 35-இல் கலகக்காரர்கள் அவர்களின் வீட்டை முற்றுகையிட்டார்கள். தண்ணீரையும் தடுத்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய கலீஃபா மேலிருந்து எட்டிப் பார்த்து, ரூமாவைத் தம் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் விட்டதை அவர்கள் அறிவார்களா என்று கேட்டார்கள். அறிவோம் என்றார்கள். அந்தக் கிணற்று நீரைத் தமக்கே தடுத்து உவர்நீரைக் குடிக்க வைக்கிறார்களே என்றார்கள். அலீ (ரலி) அவர்கள் தண்ணீர்த் தோல்பைகளை அனுப்பினார்கள். முஃமின்களின் அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் கோவேறு கழுதையில் கொண்டுவந்தபோது வழிமறித்துத் திருப்பிவிட்டார்கள். அவர்களுக்காகப் போரிட ஸஹாபாக்கள் தயாராக இருந்தும், முஸ்லிம்களின் இரத்தம் தம் பொருட்டுச் சிந்தக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். துல்ஹஜ் 18, வெள்ளிக்கிழமை. நோன்பு வைத்த நிலையில், குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும்போது ஷஹீதாக்கப்பட்டார்கள்.

பல வருடங்களுக்கு முன், அதே அரீஸ் கிணற்றின் விளிம்பில் நபி (ஸல்) அவர்கள் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து வலப்பக்கம் அமர்ந்தார்கள், உமர் (ரலி) அவர்கள் இடப்பக்கம். பிறகு உஸ்மான் (ரலி) அவர்கள் வந்தார்கள். சுவனத்தின் நற்செய்தியும், அதற்கு முன் ஒரு பெரும் சோதனை வரும் என்ற செய்தியும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தப் பக்கம் இடமில்லாததால் எதிர் விளிம்பில் போய் அமர்ந்தார்கள். தாபிஈ ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்கள் அதை அவர்களின் கப்ருகளுக்கு அடையாளமாக விளங்கிக்கொண்டார்கள்: மூவரும் ஓரிடத்தில் சேர்ந்து அடங்கியிருக்கிறார்கள், உஸ்மான் (ரலி) அவர்கள் எதிர்ப்பக்கத்தில், பகீஃயில்.