சர் முத்துக்குமாரசுவாமி

மாலைக் கூட்டங்களிற் சுத்தநிபாதம் வாசிக்கக் கேட்கும் பெங்களூர் அன்பர்கள், அந்நூலை முதன்முதல் ஆங்கிலத்திற் பெயர்த்தவர் ஒரு தமிழர் என்பதை அறிவார்களோ, அறியோம். அவர் பௌத்தரல்லர், இலங்கைச் சைவ வேளாளர், தொழிலால் வழக்கறிஞர், சட்டநிரூபண சபை உறுப்பினர். ஆதலின் அவர் சரித்திரத்தைச் சிறிது கூறத் துணிந்தோம்.

முத்துக்குமாரசுவாமி 1834-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் குமாரசுவாமி முதலியார் 1835-இல் இலங்கைச் சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் உறுப்பினராகி, மறு ஆண்டே காலமானார். மைந்தர் கொழும்பிற் கல்வி கற்று, 1856-இல் நியாயவாதியாகி, 1860-களின் தொடக்கத்தில் தந்தையார் வகித்த ஆசனத்தில் அமர்ந்தார். அவ்வாசனம் ஆளுநர் நியமனத்தாற் கிடைப்பது. கூலியாளோ குடியானவனோ அதற்கு வாக்களித்ததில்லை. அவருக்குப் பின் 1879-இல் அது மருகர் இராமநாதனுக்கே சென்றது. தந்தை, மகன், மருகன் என ஒரே குடும்பத்துள் அது சுற்றி வந்ததை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1863-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராக ஏற்கப்பட்டார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாதார் ஒருவர் அங்ஙனம் ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை என்பர். அவ்வாண்டே அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இலண்டன் பிரபுக்கள் அவரை விருந்துகளுக்கு அழைத்தனர். 1874-இல் சர் பட்டமும் வந்தது.

பட்டங்கள் கிடக்கட்டும். அதே 1874-இல் அவர் இரண்டு பாலி நூல்களை ஆங்கிலமாக்கி இலண்டனில் அச்சிட்டார். ஒன்று தந்ததாதுவின் வரலாறாகிய தாதாவம்சம். மற்றொன்று சுத்தநிபாதத்தின் முப்பது சூத்திரங்கள். அறிஞர் பௌஸ்பால் அந்நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்டது ஏழாண்டு கழித்தே, 1881-இல்.

சுத்தநிபாதத்தில் வசல சூத்திரம் உள்ளதை நம்மவர் அறிவர். தம்மை இழிந்தவன் என்று ஏசிய பார்ப்பனனுக்கு, பிறப்பினால் எவனும் இழிந்தவனாகான், செய்கையினாலேயே ஆகிறான் என்று பகவான் விளக்கி, சண்டாளர் மகனான மாதங்கன் உயர்ந்த கதையையும் எடுத்துரைத்த சூத்திரம் அது. பிறப்பின் பெருமையால் ஆசனம் பெற்ற குடும்பத்தார் ஒருவர் இத்தகைய நூலில் ஆண்டுக்கணக்கில் உழைத்தபொழுது அவருள்ளத்தில் யாது நிகழ்ந்ததோ! சைவராகவே வாழ்ந்தார். ஆயினும் குலவழக்கத்தைச் சிறிதும் அசைக்காதவர் என்று சொல்வதற்குமில்லை. 1875-இல் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதை மணந்தார்.

1877-இல் ஆனந்தர் பிறந்தார். மனைவியும் குழந்தையும் முன்னே இங்கிலாந்து செல்ல, தாமும் கப்பலேறவிருந்த 1879 மே 4-ஆம் நாளில் முத்துக்குமாரசுவாமி கொழும்பில் உயிர்நீத்தார். வயது நாற்பத்தைந்து. தந்தை முகம் நினைவில்லாது வளர்ந்த அக்குழந்தையே கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி. 1916-இல் புத்தரைப் பற்றிப் பெருநூல் இயற்றியவர்.

அவர் பெயர்த்தவை ஆங்கிலம் கற்றோர்க்கே பயன்பட்டன. எழுத்தறியாத தமிழ்க் கூலியாளின் செவிக்கு எட்டவில்லை. 1898-இல் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாச பண்டிதர், 1907 முதல் தம் வாரத்தாளில் பகவான் சரித்திரத்தைத் தமிழிலேயே எழுதினார். கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் எழுத்தறிந்த ஒருவர் அத்தாளை உரக்க வாசிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டனர்.