காலரா நஞ்சைக் கண்டறிந்த சம்புநாத் டே

துறைமுகம் அமைந்த இடத்தில் வாணிகம் செழிக்கும். சரக்கோடு நோயும் கரையேறும். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீண்டு கிடக்கும் நம் வடசென்னை இவ்வுண்மையைப் பல தலைமுறைகளாக அறிந்த பகுதியாகும். தண்டையார்பேட்டையில் தொற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இருப்பதே அதற்குச் சான்று. வாந்திபேதி என முதியோர் அஞ்சி உரைத்த காலரா, காலையில் நலமாக இருந்தவரை மாலைக்குள் மாய்க்கும் கொடுமை உடையது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிடுமோ என்னும் அச்சம் மழைக்காலந்தோறும் இன்றும் நம் தெருக்களில் எழுகின்றது. அந்நோய் மனிதனை எவ்வாறு கொல்கிறது என்ற வினாவுக்கு விடை கண்டவர் ஓர் இந்தியர். மருத்துவ மாணவர் நீங்கலாகப் பிறர் அவர் பெயரை அறிந்திருத்தல் அரிது. அவரே கல்கத்தா அறிஞர் சம்புநாத் டே ஆவார்.

பிறப்பும் கல்வியும்

டே அவர்கள் 1915ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள கரிபாட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிறு வணிகர், குடும்பம் வறியது. ஊர்ப் பள்ளியில் சிறப்பாகத் தேறியதால் உதவித்தொகை பெற்று, இன்று ஹூக்ளி முஹ்சின் கல்லூரி என வழங்கும் கல்விக்கூடத்தில் சேர்ந்தார்.

அக்கல்லூரியின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. ஹாஜி முஹம்மது முஹ்சின் என்னும் வள்ளல் தம் பெருஞ்சொத்தை 1806ஆம் ஆண்டில் அறக்கட்டளையாக எழுதி வைத்து, 1812இல் மறைந்தார். அந்த அறநிதியைக் கொண்டு 1836இல் அக்கல்லூரி தோன்றியது. மதவேறுபாடின்றி மாணவர் அங்குக் கற்றனர். ஒரு முஸ்லிம் செல்வர் விட்டுச்சென்ற பொருள், அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்னர், ஓர் இந்துச் சிற்றூர்ச் சிறுவனுக்கு அறிவியல் கற்கும் வாயிலைத் திறந்துவைத்தது. அறக்கொடையின் பயன் எங்கே சென்று முடியும் என்பதைக் கொடுத்தவர் கண்டறிய இயலுமோ!

டே அவர்கள் பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயியல் துறையில் பணியேற்ற அவர், இலண்டன் சென்று சர் ராய் கேமரன் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்து, 1949இல் முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். திரும்பியதும் அவர் கைக்கொண்ட ஆய்வுப்பொருள், தம் மண்ணை வாட்டிய காலராவே ஆகும்.

எழுபத்தைந்து ஆண்டுக் குழப்பம்

ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1883இல் எகிப்தில் நோயாளிகளின் குடலில் காற்புள்ளி போன்ற கிருமியைக் கண்டு, 1884இல் கல்கத்தாவில் அதனைத் தனியே பிரித்தெடுத்துக் காலராவுக்கு அதுவே காரணம் எனக் காட்டினார். கிருமி ஒரு நஞ்சைச் சுரப்பதனாலேயே நோய் விளைகின்றது என்றும் அவர் கருதினார். ஆயினும் அந்நஞ்சை எவராலும் காட்ட இயலவில்லை. ஆய்வாளர் கிருமியை விலங்குகளின் இரத்தக் குழாயிலும், தோலடியிலும், வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் சில இறந்தன; ஆனால் மனிதருக்கு நேர்வது போன்ற பேதி உண்டாகவில்லை. ஆகவே கோக்கின் கருத்தையே பலர் ஐயுற்றனர்.

டே அவர்கள் எழுப்பிய வினா எளியது. காலராக் கிருமி மனிதக் குடலின் உட்புறத்தில் மட்டும் வாழ்வது, இரத்தத்துள் புகுவதில்லை. அவ்வாறாயின் அதனை இரத்தத்தில் செலுத்திச் சோதிப்பதால் பயன் யாது? குடலில் நிகழும் நோயைக் குடலிலேயே அன்றோ ஆராய வேண்டும்?

முயலின் குடலில் கண்ட விடை

இவ்வினாவுக்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படவில்லை. மயக்கமூட்டிய முயலின் சிறுகுடலில் சில அங்குல நீளமுள்ள பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமி வளர்ந்த திரவத்தைச் சிறிதளவு செலுத்தினார். அதே முயலின் குடலில் வேறொரு பகுதியையும் அவ்வாறே கட்டி, கிருமியற்ற தூய திரவத்தைச் செலுத்தினார். மறுநாள் நோக்கியபோது கிருமி சென்ற பகுதி நீர் நிரம்பிப் பருத்திருந்தது. மற்றது சுருங்கிக் கிடந்தது. ஒரே உடலில் இரண்டையும் ஒப்பிட்டமையால் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று. சட்டர்ஜி என்பாருடன் இணைந்து 1953இல் இதனை அவர் வெளியிட்டார்.

நீரை வரவழைப்பது உயிருள்ள கிருமியா, அது சுரக்கும் நஞ்சா என்பது அடுத்த வினா. நுண்ணுயிரியலாரின் கைத்திறன் முழுவதும் வெளிப்பட வேண்டிய இடம் இதுவே. கிருமியைப் பிற கிருமிகள் கலவாமல் தனித்து வளர்க்க வேண்டும். வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை முற்றிலும் நீக்கி வடித்தெடுக்க வேண்டும். வடிநீரில் ஒரு கிருமி எஞ்சினும் முடிவு பிழைபடும். டே அவர்கள் அவ்வாறு வடித்த நீரை முயலின் குடலில் செலுத்தினார். ஓர் உயிரும் இல்லாத அந்நீர், குடலை முன்போலவே நீரால் நிரப்பியது. கோக் கருதிய நஞ்சு எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மெய்ப்பிக்கப்பட்டது. 1959 மே மாதத்தில் 'நேச்சர்' இதழில் வந்த அவருடைய கட்டுரை மிகச் சிறியது. பொருளோ மிகப் பெரியது. அதற்கு முன்னரே 1956இல், ஈகோலை என்னும் குடற்கிருமியின் சில வகைகளும் இவ்வாறே நீரை வரவழைக்கும் என அவர் குழுவினர் காட்டியிருந்தனர்.

உலகுக்கு விளைந்த நன்மை

காலரா நஞ்சு குடற்சுவரை அரித்து அழிப்பதில்லை. குடலின் உயிரணுக்களைத் தூண்டி உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. கடும் நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் நீரை இழப்பதும் உண்டு. நீரிழப்பே உயிரைக் குடிக்கிறது. குடல் அழியாமல் இருப்பதால், சர்க்கரையோடு சேர்ந்த உப்புநீரை அது ஏற்றுக்கொள்ளும். 1968இல் டாக்காவில் இம்மருத்துவம் நோயாளிகளிடம் வெற்றி பெற்றது. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதனைப் பெருமளவில் கையாண்டபோது, நூற்றுக்கு முப்பது என இருந்த இறப்பு நான்கிற்கும் கீழே குறைந்தது. இம்மருத்துவம் பலர் உழைப்பால் உருவானது. நோயின் இருப்பிடம் குடலே என்பதை ஐயமற நிறுவிய பெருமை டே அவர்களுக்கு உரியது.

1992இல் காலராக் கிருமியின் ஒரு புதுவகை தோன்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அது முதலில் அறியப்பட்ட ஊர் நம் சென்னையே. பழைய வகைக்கு எதிராக உடல் பெற்றிருந்த காப்பு இதனைத் தடுக்கவில்லை. ஆனால் கிருமியின் மேலுறை மாறினும் அது சுரந்த நஞ்சு டே கண்ட அதே நஞ்சுதான். ஆதலால் மருத்துவமும் மாற வேண்டியிருக்கவில்லை.

காலந்தாழ்ந்த பெருமை

இத்துணைப் பெரிய பணி செய்தவரைத் தாயகம் உரிய காலத்தில் போற்றவில்லை. இந்திய அறிவியற் கழகங்கள் எவையும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுக்கும் பணி 1969இல் அமெரிக்காவில் நிறைவேறியது. டே அவர்கள் 1973இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். நோபல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபல் பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்மொழிந்தார், பரிசு கிட்டவில்லை. 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டதே அவர் கண்ட பெருஞ்சிறப்பு. 1985 ஏப்ரல் 15ஆம் நாள் அவர் மறைந்தார். அதன்பின் 1990இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

மாணவச் செல்வங்களே! ஆய்வுக்கூடத்தில் கருவி குறைவு, நிதி குறைவு என நாம் வருந்துவதுண்டு, அவ்வருத்தம் பொய்யன்று. எனினும் பிறர் தேடாத இடத்தில் தேடும் துணிவை எந்த நிதியும் வாங்கித் தாராது. அது கற்பவர் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டிய பண்பு. ஒரு வள்ளலின் அறநிதி ஒரு மாணவனைக் கற்பித்தது. அம்மாணவன் நூலையும் முயலையும் கொண்டு உலகைக் கற்பித்தான். அறநிதியால் இயங்கும் கல்விக்கூடங்களில் பயிலும் நமக்கு இவ்வரலாறு பெருமையோடு பொறுப்பையும் தருகின்றது.

இராயபுரத்து மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கி, பேதியால் சோர்ந்த குழந்தைக்குக் கரைத்து ஊட்டும் தாய், சம்புநாத் டே என்னும் பெயரை அறியமாட்டாள். கற்ற நாமேனும் அறிந்து போற்றுவோமாக!