ஒன்பதாவது அம்சத்தில் முறிந்த உறவு: நாகா தலைவர் பிசோவின் வாழ்க்கை

புதுடெல்லி: நாகா தனிநாட்டுக் கோரிக்கைக்கு உருவம் தந்த அங்காமி சாபு பிசோ, 1904-ல் கோஹிமாவை அடுத்த கோனோமா கிராமத்தில் பிறந்தவர்.

1947 ஜூனில் அசாம் ஆளுநர் அக்பர் ஹைதரி, நாகா தேசிய கவுன்சிலுடன் 9 அம்ச உடன்பாடு கண்டார். பத்தாண்டுகள் கழித்து அதை நீட்டிப்பதா, புதிய உடன்பாடு காண்பதா என்று கவுன்சிலிடம் கேட்கப்படும் என்றது கடைசி அம்சம். பிரிந்து செல்லும் உரிமையே அது என நாகர்கள் கருதினர், டெல்லி மறுத்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் ஆறாவது அட்டவணையின் மாவட்டக் கவுன்சில்களை மட்டுமே தந்தது. நாகா கவுன்சில் அதை நிராகரித்தது.

கவுன்சில் தலைவரான பிசோ, 1951-ல் வாக்கெடுப்பு நடத்தி, 99 சதவீதத்தினர் தனிநாட்டை ஆதரித்ததாக அறிவித்தார். முதல் பொதுத்தேர்தல் புறக்கணிக்கப்பட்டது. 1956-ல் ஆயுத மோதல் முற்றி ராணுவம் இறங்கியது. கிழக்கு பாகிஸ்தான் வழியே வெளியேறிய பிசோ 1960-ல் லண்டன் சேர்ந்தார்.

அதே ஆண்டு மிதவாதிகளுடன் டெல்லி சமரசம் கண்டது. நிலவுரிமைக்கும் மரபுச் சட்டங்களுக்கும் 371-ஏ பிரிவு 1962-ல் பாதுகாப்பு அளித்தது. 1963 டிசம்பர் 1-ல் நாகாலாந்து மாநிலம் உதயமானது. 1947-ல் பேசப்பட்டவற்றில் சில, பதினைந்து ஆண்டுகள் தாமதித்தே சட்டமாயின. அதற்குள் துப்பாக்கி பேசத் தொடங்கிவிட்டது.

1975 ஷில்லாங் உடன்பாட்டைப் பிசோ கண்டிக்கவில்லை. அந்த மவுனத்தால் இயக்கம் பிளவுபட்டது. 1990 ஏப்ரல் 30-ல் லண்டனில் மறைந்த அவர், கோஹிமாவில் அடக்கம் செய்யப்பட்டார்.