ஐஸுக்கு அடியில் ஒளிந்திருந்த வெப்பம்... கடலின் ரகசியத்தை கண்டுபிடித்த நான்சன் யார்?

ஆர்க்டிக் கடல்னா மேலிருந்து கீழே வரை ஒரே ஜில்லுன்னு இருக்கும்னுதானே நினைப்போம்? அப்படி இல்லை என்று 130 ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டியவர் ஃப்ரிட்ஜோஃப் நான்சன்.

யார் இவர்?

1861-ல் நார்வேயில் பிறந்தவர். படித்தது விலங்கியல். 1888-ல் கிரீன்லாந்தை பனிச்சறுக்கிலேயே குறுக்காக கடந்து பிரபலமானார்.

வேண்டுமென்றே சிக்கிய கப்பல்

சைபீரியா பக்கம் 1881-ல் மூழ்கிய ஜீனெட் கப்பலின் பொருட்கள், 3 ஆண்டுகள் கழித்து கிரீன்லாந்தில் கரை ஒதுங்கின. அப்படின்னா ஐஸ் நகருது! அந்த ஐஸிலேயே கப்பலை உறைய விட்டு மிதந்து போகலாம் என்று திட்டமிட்டார் நான்சன். பலரும் இதை பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஆனாலும் 1893-ல், 13 பேருடன் 'ஃப்ராம்' கப்பல் கிளம்பியது.

அடியில் என்ன இருந்தது?

மேலே உறைநிலைக்கு அருகில் இருந்த தண்ணீர், சுமார் 200 மீட்டருக்கு கீழே 0 டிகிரியை தாண்டியது. இன்னும் ஆழத்தில் மறுபடியும் குளிர். நடுவில் இருந்தது அட்லாண்டிக்கில் இருந்து வந்த தண்ணீர். உப்பு அதிகம் என்பதால் கனமாகி கீழே இறங்கிவிடுகிறது. கையை விட்டால் நமக்கு விறைச்சுப் போகும். ஆனா ஐஸை உருக்க அந்தச் சூடு போதும். மேலே உப்பு குறைவான குளிர்ந்த நீர் ஒரு மூடி மாதிரி இருந்து தடுக்கிறது.

1895-ல் கப்பலை விட்டு இறங்கி வட துருவத்தை நோக்கி நடந்த நான்சனால் அதை எட்ட முடியவில்லை. 1896-ல் அவரும், கப்பலும் தனித்தனியாக பத்திரமாக திரும்பினார்கள்.

மாறிக்கொண்டே இருக்கும் கடல்

பிறகு, ஆழத்து நீரை துல்லியமாக எடுக்க 'நான்சன் பாட்டில்' என்ற கருவியை உருவாக்கினார். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க இதுதான் பயன்பட்டது. 1909-ல் ஹெல்லாண்ட்-ஹான்சனுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் இன்னொரு முக்கியமான விஷயத்தை சொன்னார்: நார்வே கடலுக்கு வரும் அட்லாண்டிக் நீரின் வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, நார்வேயின் குளிர்காலமும், மீன்வளமும் அதோடு சேர்ந்து மாறுகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் அகதிகளுக்காக உழைத்து, 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். 1930-ல் காலமானார்.

இப்போ ஏன் முக்கியம்?

1990-களில் இருந்து அதே நடு அடுக்கு முன்பைவிட சூடாகியிருப்பது தெரிய வந்துள்ளது. ஆர்க்டிக்கின் கிழக்குப் பகுதியில் அது மேல்நோக்கியும் ஏறி வருகிறது. மூடி பலவீனமானால் ஐஸ் அடியில் இருந்தும் உருகும். எவ்வளவு மாறியிருக்கு என்று சொல்ல, பழைய கணக்கு ஒன்று வேண்டுமே? அந்த முதல் கணக்கை எழுதி வைத்தது ஐஸில் சிக்கிய அந்தக் கப்பல்தான்.