ரயில்வேயிலிருந்து வந்த ஆலை மேலாளர்

நாகபுரியில் புதிதாக எழும்பிய பஞ்சாலை ஒன்றை நிர்வகிக்க ஆள் தேவைப்பட்டது. மும்பையிலோ லங்காஷயரிலோ பழுத்த அனுபவம் பெற்ற ஒருவரைத் தேடியிருப்பார்கள் என்றுதான் எவரும் எண்ணுவர். அதிபர் ஜாம்ஷெட்ஜி டாடா தேர்ந்தெடுத்ததோ, ரயில்வேயின் சரக்குப் பிரிவில் பணியாற்றிய பெஜோன்ஜி தாதாபாய் மேத்தாவை. நூற்பும் நெசவும் மேத்தாவுக்குப் பழக்கமில்லாத தொழில்கள்.

ஜாம்ஷெட்ஜி என்றதும் இரும்பாலையும் பெங்களூரின் அறிவியல் நிறுவனமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை இரண்டும் அவரது மறைவுக்குப் பின்னரே எழுந்தன. வாழ்ந்த காலத்தில் அவர் முதன்மையாக ஒரு பஞ்சாலை அதிபர். சிறு முதலீட்டில் தொடங்கிய தொழிலை வளர்த்தெடுத்த அந்தப் பகுதிதான் அவரது வாழ்வில் அதிகம் பேசப்படாதது.

குஜராத்தின் நவ்சாரியில் 1839-இல் பிறந்த அவர், மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பை முடித்துத் தந்தையின் வணிகத்தில் சேர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் உச்சத்துக்கு ஏறிய பருத்தி விலை, போர் முடிந்ததும் சரிந்தபோது அந்த வணிகமும் நிலைகுலைந்தது. அப்போது லண்டனில் இருந்த இளைஞர் ஜாம்ஷெட்ஜி, கடன் கொடுத்தவர்களை நேரில் சந்தித்து நிலைமையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். கணக்கை முடித்துத் தரும் பொறுப்பை அவர்கள் அவரிடமே ஒப்படைத்தார்கள். நோயை மறைக்காமல் சொல்லும் பழக்கம் அவருக்கு அங்கே வாய்த்தது எனலாம்.

1868-இல் ரூ. 21,000 முதலீட்டில் சொந்த நிறுவனம் தொடங்கினார். மும்பை சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி, இரண்டே ஆண்டுகளில் இலாபத்துக்கு விற்றார். அடுத்த ஆலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் நாகபுரி. மும்பையை விட்டு உள்நாட்டுக்குப் போவதா என்று பலர் வியந்தனர். பருத்தி விளையும் பூமியும் ரயில் பாதையும் அருகிலேயே இருக்க, பஞ்சை மும்பைக்குச் சுமந்து வந்து நூற்பானேன் என்பது அவர் கணக்கு. சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்குபவரை நம்பிக் கடன் தர மறுத்த உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர், அங்கே கொட்டப்பட்டது மண்ணன்று, பொன் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

எம்பிரஸ் மில் 1877 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. தொடக்கம் சிறப்பாக அமையவில்லை. நூலின் தரம் குறைந்தது; பங்கு விலை சரிந்தது. இத்தகைய நேரத்தில் மேலாளரைக் குறை கூறுவது முதலாளிகளின் இயல்பு. ஜாம்ஷெட்ஜி தேடிக் கண்ட காரணம் தன்னுடையது: செலவைக் குறைக்க மலிவான இயந்திரங்களை வாங்கியவர் அவரே. அவற்றை அகற்றிவிட்டு நல்ல இயந்திரங்களை வரவழைத்தார், மேத்தாவை மாற்றவில்லை. இயந்திர நுட்பம் அறிந்தவராக ஜேம்ஸ் புரூக்ஸ்பி உடனிருந்தார். ஆளையும் சரக்கையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவது மேத்தாவின் வேலை. கதிரையும் தறியையும் கவனிப்பது புரூக்ஸ்பியின் வேலை. லங்காஷயர் தயங்கிக்கொண்டிருந்த 'ரிங்' கதிர்களை இந்த இணை நாகபுரியில் ஓட்டிக் காட்டியது.

பின்னர் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. ஐந்தில் ஒரு தொழிலாளி வேலைக்கு வராத நாள்களும் இருந்தன. அபராதம் விதிப்பது அக்கால வழக்கம். நாகபுரியின் மக்கள் ஆலை வாழ்க்கைக்குப் புதியவர்கள் என்பதையும், கூடத்தின் வெப்பமும் தூசும் அவர்களை விரட்டுகின்றன என்பதையும் ஜாம்ஷெட்ஜி கண்டார். காற்றோட்டமும் ஈரப்பதக் கருவிகளும் வந்தன. ஒழுங்காக வருவோருக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன. 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்து இழப்பீடும் ஏற்பட்டன. சட்டம் கட்டாயப்படுத்தாத காலம் அது. பட்டதாரி இளைஞர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்த்து நாளைய மேலாளர்களை ஆலைக்குள்ளேயே உருவாக்கும் ஏற்பாட்டையும் செய்தார்.

இவ்வளவு கூர்மையான கண்ணும் ஒருமுறை தவறியது. 1886-இல் மும்பையை அடுத்த குர்லாவில் நலிந்து கிடந்த தரம்சி மில்லை ரூ. 12.5 லட்சத்துக்கு வாங்கி, சுதேசி மில் எனப் பெயரிட்டார். அடிமாட்டு விலை என்றே தோன்றியது. இயந்திரங்கள் தேய்ந்திருந்தன, சீனாவுக்குச் சென்ற நூலைப் பற்றிப் புகார்கள் வந்தன, பங்குதாரர்கள் நம்பிக்கை இழந்தார்கள். மலிவான இயந்திரம் எத்தனை விலையுயர்ந்தது என்பதை நாகபுரியில் ஏற்கெனவே அனுபவித்தவர், மீண்டும் அதே குழியில் கால் வைத்தது வியப்புக்குரியது. வெற்றி தரும் துணிச்சலையும் இதற்கு ஒரு காரணமாகக் கருத இடமுண்டு.

வங்கி கைவிரித்தபோது, குடும்பத்துக்கென ஏற்படுத்தியிருந்த அறக்கட்டளையைக் கலைத்தார்; எம்பிரஸ் பங்குகளில் ஒரு பகுதியை விற்றார். பணத்தைவிட முக்கியமாக, நாகபுரியில் தேறிய ஊழியர்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார். பத்தாண்டு காலம் ஆட்களை வளர்த்திராவிடில் அவர் யாரை அழைத்திருக்க முடியும்? சுதேசி மில் மெல்ல எழுந்தது. கீழை நாடுகளில் அதன் நூலுக்கு நல்ல பெயரும் கிடைத்தது.

இரும்பாலைக் கனவிலும் அவர் முதலில் தேடியது ஆளைத்தான். 1902-இல், அறுபதைக் கடந்த வயதில், அமெரிக்கா சென்று உருக்குத் துறை வல்லுநர்களைச் சந்தித்தார். நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியாளரின் அலுவலகத்துக்குத் தாமே நடந்து சென்று, இந்தியாவுக்கு வரும்படி கேட்டார், பெரின் இசைந்தார். ஜாம்ஷெட்ஜி 1904 மே 19 அன்று ஜெர்மனியில் காலமானபோது, பெரின் அனுப்பிய நிலவியலாளர் வெல்ட் மத்திய மாகாணக் காடுகளில் இரும்புத்தாது தேடிக்கொண்டிருந்தார்.